மைதானம் யார் பெயரில் இருக்கிறது?

2018 மார்ச் முதல் வாரத்தில், தென்கிழக்கு லண்டனில் இருக்கும் டல்விச் ஹாம்லெட் கால்பந்துக் கழகத்துக்கு அடிமேல் அடி விழுந்தது. சாம்பியன் ஹில் மைதானத்தில் ஆடுவதற்கு இருந்த அனுமதியை நில உரிமையாளர் தரப்பு ரத்து செய்து கதவைப் பூட்டியது. 1,21,000 பவுண்டு வாடகை பாக்கி என்று கணக்கு வந்தது. கூடவே வக்கீல் நோட்டீஸும் வந்தது. கழகத்தின் பெயரும் அதன் சுருக்கமும் செல்லப்பெயரும் வேறொரு நிறுவனத்தின் பெயரில் வணிகக் குறியாகப் பதிவாகிவிட்டன, இனிமேல் அவற்றைக் கழகம் பயன்படுத்தக் கூடாது என்றது அந்த நோட்டீஸ். 1893இல் தொடங்கி 125 ஆண்டுகளாகச் சுமந்துவந்த பெயரைச் சொல்லவே ஒரு கழகத்துக்குத் தடை! மூத்த கால்பந்து நிருபர்களுக்கே இது புதிதாக இருந்தது.

பின்னணி எளிமையானது. 2014இல் அந்த மைதானம் மெடோ ரெசிடென்ஷியல் என்ற வீட்டுமனை நிறுவனத்தின் கைக்குப் போனது. மைதானம் இருக்கும் இடத்தில் 155 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு, கழகத்துக்குப் பக்கத்திலுள்ள கிரீன் டேல் திடலில் புதிய மைதானம் என்று 2016இல் திட்டம் போட்டார்கள். கிரீன் டேல் சதர்க் கவுன்சிலுக்குச் சொந்தமான திறந்தவெளி. பெருநகரத் திறந்தவெளி என்ற பாதுகாப்பும் அதற்கு உண்டு. கவுன்சில் இசையவில்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. 2017இல் நிறுவனம் கழகத்துக்குக் கொடுத்துவந்த பண உதவியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு பூட்டு விழுந்தது.

வீடு கட்டுவதற்காகச் சிறிய கால்பந்துக் கழகங்களை இடம்பெயர்க்கும் கதை இங்கிலாந்தில் 40 ஆண்டுகளாக நடக்கிறது. எங்கு நடந்தாலும் ‘வீடா, விளையாட்டா?’ என்றுதான் விவாதம் எழுகிறது. அந்தக் கேள்வியே தவறு என்பது என் கணிப்பு. கேட்க வேண்டியது மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். கழகத்தின் நிர்வாகம் ஒரு கையிலும் நிலத்தின் பத்திரம் இன்னொரு கையிலும் போன நாளிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. பிறகு நடக்கும் போராட்டங்கள் எல்லாம் அந்த நாளில் விட்டதைப் பிடிக்கும் முயற்சிகள்தான்.

இப்படிப்பட்ட கழகம் எப்படி இருக்கும் என்பதைத் தொலைக்காட்சியில் பிரீமியர் லீக் மட்டும் பார்த்தவர்கள் ஊகிக்க முடியாது. சாம்பியன் ஹில், கிழக்கு டல்விச் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றின் பின்புறம் இருக்கிறது. அந்த சூப்பர் மார்க்கெட் நிற்பதும் பழைய மைதானத்தின் நிலத்தில்தான். 20,000 பேர் நின்று பார்த்த பழைய அரங்கு 1990களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு, 3,000 பேருக்கான சிறிய மைதானம் 1992இல் வந்தது. 1948 ஒலிம்பிக்கில் தென்கொரியா மெக்சிகோவை 5-3 என்று வென்றது அந்தப் பழைய அரங்கில்தான். மைதானத்துக்குப் போகும் தெருவின் பெயர் எட்கர் கெய்ல் வே. தொழில்முறை லீக்குக்கு வெளியே இருந்த கழகம் ஒன்றில் ஆடியபடியே இங்கிலாந்து தேசிய அணிக்குத் தேர்வான கடைசி ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். 1929இல் பிரான்சுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 2 கோல் அடித்தவர். அமெச்சூர் கோப்பையைக் கழகம் 1920, 1932, 1934, 1937 என்று நான்கு முறை வென்றிருக்கிறது.

அங்கே யாரும் ஒரே இருக்கையில் ஒட்டிக்கொண்டு ஆட்டம் பார்ப்பதில்லை. தங்கள் அணி எந்த கோலை நோக்கி ஆடுகிறதோ அதன் பின்னால் போய் நிற்கிறார்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாற, இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த கழுத்துத் துண்டுகளோடு கூட்டமும் மைதானத்தைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போகிறது. கையில் பீர், தோளில் குழந்தை, சிலரிடம் கயிற்றில் நாய். பெரிய அரங்குகளில் இப்படி நடக்க முடியாது. 2015இல் தன்பாலின ஈர்ப்பாளர்களின் அணியான ஸ்டோன்வாலோடு நட்பு ஆட்டம் வைத்தபோது வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம் திரண்டது. இந்தக் கூட்டத்தை அழைத்துவந்தது நட்சத்திர ஆட்டக்காரர்கள் அல்ல. நடந்தே வந்து சேரக்கூடிய அந்த இடமும் அங்கே பழகிய முகங்களும்தான்.

இனி நிலத்தின் கணக்கு. விளையாட்டுத் திடல் என்று ஏட்டில் இருக்கும்வரை லண்டன் நிலத்துக்கும் பெரிய விலை கிடையாது. வீடு கட்ட அனுமதி கிடைத்த மறுநாளே அதன் மதிப்பு பல மடங்கு ஏறுகிறது. அனுமதி என்றாவது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புக்கே சந்தையில் தனி விலை உண்டு. மைதானத்தை வாங்குபவர் அந்த எதிர்பார்ப்பைத்தான் வாங்குகிறார். விற்பவருக்கும் அது தெரியும். கழகமோ நுழைவுச்சீட்டிலும் மதுக்கூடத்திலும் உள்ளூர்க் கடைகளின் விளம்பரப் பலகைகளிலும் பிழைக்கிறது. அதனால் ஆண்டு முடிவில் கையைக் கடிக்காமல் இருந்தாலே பெரிது. கடன் ஏறும்போது உதவ வருகிறவர், பெரும்பாலும் கழகத்தைக் காப்பாற்றத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். கடனுக்கு ஈடாக மைதானம் எழுதப்படுகிறது. சில ஆண்டுகள் சம்பளமும் சில்லறைச் செலவும் தாராளமாக வரும். திட்ட அனுமதி சிக்கிக்கொண்டால் அந்தத் தாராளமும் நின்றுவிடும்.

சிறிய கழகங்களின் அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1980களில் மார்லர் எஸ்டேட்ஸ் என்ற நிறுவனம் மேற்கு லண்டனின் மூன்று மைதானங்களையும் கைக்குள் கொண்டுவந்தது. செல்சியின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ், ஃபுல்ஹாமின் கிரேவன் காட்டேஜ், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸின் லாஃப்டஸ் ரோடு. தேம்ஸ் கரையில் உள்ள கிரேவன் காட்டேஜ் மனைக்கு என்ன விலை என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1987இல் ஃபுல்ஹாமையும் ரேஞ்சர்ஸையும் ஒரே அணியாக இணைக்கவே முயன்றார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். முன்னாள் ஆட்டக்காரர் ஜிம்மி ஹில் தலைமையிலான குழு வந்து ஃபுல்ஹாமை மீட்டது. செல்சி மைதானம் மார்லரிடமிருந்து கேப்ரா எஸ்டேட்ஸுக்குப் போனது. 1990களின் தொடக்கத்தில் மனைச் சந்தை சரிந்து அந்த நிறுவனம் திவாலானதால்தான் செல்சி தப்பியது. இன்று உலகப் பணக்காரக் கழகங்களில் ஒன்றான செல்சி அன்று பிழைத்தது திட்டமிடலால் அல்ல, சந்தை விழுந்த நல்வாய்ப்பால்.

அந்த நல்வாய்ப்பு விம்பிள்டனுக்கு அமையவில்லை. 1988இல் எஃப்.ஏ. கோப்பை வென்ற அணி அது. அரங்கப் பாதுகாப்பு விதிகள் கடுமையானதால் 1991இல் ப்ளவ் லேன் மைதானத்தை விட்டு, கிரிஸ்டல் பேலஸின் மைதானத்துக்கு இரவல் குடியேறியது. தற்காலிகம் என்றார்கள். 1998இல் பழைய மைதானம் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கடைசியில் அங்கே எழுந்தவை அடுக்குமாடி வீடுகள். கட்டடங்களுக்குக் கழகத்தின் பழைய முகங்களின் பெயரைச் சூட்டினார்கள். திரும்பிப் போக வீடில்லாத கழகத்தை, சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்கு மாற்ற உரிமையாளர்கள் அனுமதி கேட்டார்கள். கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு 2002 மே 28 அன்று 2-1 என்ற கணக்கில் அனுமதித்தது.

ரசிகர்கள் அன்றே முடிவெடுத்தார்கள். அணி போகட்டும், நாம் இங்கேயே இருப்போம். சில வாரங்களில் விம்பிள்டன் பொதுத்திடலில் திறந்தவெளித் தேர்வு வைத்து ஆட்டக்காரர்களைச் சேர்த்து, ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதிய கழகத்தை லீக் வரிசையின் ஒன்பதாவது அடுக்கில் தொடங்கினார்கள். 9 ஆண்டுகளில் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தார்கள். ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் தென்மேற்கு லண்டன் பகுதி இது. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலைத் தமிழர்கள் அறிவார்கள். அதே ஊரில் நடந்த இந்தப் போராட்டத்தையும் அறிந்துவைத்துக்கொள்ளலாம். 2020 நவம்பர் 3 அன்று கழகம் புதிய ப்ளவ் லேனில் முதல் ஆட்டத்தை ஆடியது. பழைய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த நாய்ப் பந்தய அரங்கின் இடம் அது. பணம் குறைந்தபோது ரசிகர்களே கடன் பத்திரங்கள் வாங்கிப் பல மில்லியன் பவுண்டு கொடுத்தார்கள். கொரோனாக் கட்டுப்பாட்டால் அன்று அவர்களில் ஒருவரும் உள்ளே போக முடியவில்லை.

இந்த வெற்றிக் கதைக்குள் அதிகம் பேசப்படாத ஒரு துயரம் இருக்கிறது. கிங்ஸ்டோனியன் என்ற பழைய கழகம் ரிச்மண்ட் ரோடு மைதானத்தை 1980களின் இறுதியில் வீட்டுமனைக்கு விற்றுவிட்டு கிங்ஸ்மெடோவில் புது மைதானம் பெற்றது. கடனில் மூழ்கி அந்த மைதானத்தின் உரிமையை இழந்தது. ரசிகர்களின் ஏஎஃப்சி விம்பிள்டன் 2003இல் அதை வாங்கி, கிங்ஸ்டோனியனையும் வாடகைக்கு ஆட விட்டது. பிறகு ப்ளவ் லேன் கனவுக்குப் பணம் வேண்டியிருந்தது. கிங்ஸ்மெடோவை செல்சிக்கு விற்றது. 2017இல் கிங்ஸ்டோனியன் வெளியேறியது. அதன்பின் லெதர்ஹெட், டோல்வொர்த் என்று இரவல் மைதானங்களில் அலைந்தது. விம்பிள்டன் ரசிகர்கள் செய்ததை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு வழி குறைவு. ஆனால் ஒரு கழகம் வீடு திரும்பிய கணக்கில் இன்னொன்று வீடிழந்ததையும் சேர்த்தே எழுத வேண்டும். நிலம் குறைவான நகரத்தில் இடமாற்றம் என்பது எப்போதும் இன்னொருவர் இடத்தில்தான் போய் முடிகிறது. கிரீன் டேலிலும் அதுவே நடந்தது. அங்கே பறவை பார்ப்பவர்களும் நடைப்பயிற்சி செய்பவர்களும், கால்பந்தை வெறுக்காதவர்களே, மைதானம் வேண்டாம் என்றார்கள்.

இடமாற்றத்தில் எதை இழக்கிறோம் என்பதை அதிகாரிகள் சரியாக அளப்பதில்லை. புல்தரையின் பரப்பை அளக்கிறார்கள், அது சுலபம். இரவல் மைதானத்துக்குப் போன கழகத்துக்கு வாடகை ஒரு செலவு. மதுக்கூட வருமானம் மைதானக்காரருக்குப் போவது இன்னொரு இழப்பு. கீழ் அடுக்குக் கழகத்தின் உயிரே அந்த மதுக்கூடம்தான். சனிக்கிழமை மட்டுமல்லாமல் வார நாள் பிறந்தநாள் விருந்து, காதுகுத்து மாதிரியான குடும்ப விழாக்கள் எல்லாம் அதன் கணக்கில் வரும். நடந்து வந்த முதியவர் இரண்டு பேருந்து மாறி வர மாட்டார். பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும் நேரத்தில் ஆறு வயதுப் பிள்ளையின் பயிற்சி வேறு ஊரில் இருந்தால் அந்தப் பிள்ளை கழகத்தை விட்டே போய்விடும். டிக்கெட் கிழிப்பவர், கோடு போடுபவர், தேநீர் போடுபவர் என்று எல்லோரும் சம்பளமில்லாத தொண்டர்கள். அக்கம்பக்கத்தில் குடியிருப்பதால் வருகிறவர்கள் அவர்கள்.

போதாக்குறைக்கு லீக் விதிகள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒவ்வோர் அடுக்குக்கும் மைதானத் தரம் வைத்திருக்கிறது. மின்விளக்கு, கூரையிட்ட இருக்கை, உடைமாற்றும் அறை எல்லாம் குறித்த அளவில் இருக்க வேண்டும். மைதானத்தில் ஆடும் உரிமை உறுதியாக இருப்பதற்கும் ஆதாரம் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், ஆட்டத்தில் எவ்வளவு வென்றாலும் அடுக்கு இறங்க நேரும். நில உரிமையாளர் ஒரு கடிதத்தால் செய்ய முடிவதைப் பதினொரு பேர் சேர்ந்து புல்வெளியில் மாற்ற முடியாது.

மறுபக்கத்தை மென்மையாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. லண்டனில் சமூக வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் 3 லட்சத்துக்கும் மேல். தற்காலிக விடுதி அறைகளில் வளரும் குழந்தைகள் ஏராளம். ஐந்தாண்டுகளில் 15 லட்சம் வீடு என்று 2024இல் வந்த அரசு இலக்கு வைத்திருக்கிறது. அந்தக் குடும்பங்களின் முன்னால் நின்று, எங்கள் சனிக்கிழமைப் பிற்பகல்தான் முக்கியம் என்று சொல்ல யாருக்கும் நா எழாது. ஆனால் மைதானத்தின் மேல் எழும் வீடுகள் அவர்களுக்குத்தானா என்று கேட்டே ஆக வேண்டும். கட்டப்படும் வீடுகளில் குறைந்தது 35 சதவீதம் எளியவர்கள் எட்டக்கூடிய விலையிலோ வாடகையிலோ இருக்க வேண்டும் என்பது சதர்க் கவுன்சிலின் கொள்கை. கட்டுமான நிறுவனங்கள் லாபம் கட்டுப்படியாகாது என்று கணக்குக் காட்டி அந்த அளவைக் குறைக்கக் கேட்பது லண்டன் முழுவதும் வழக்கம். ‘எளிய விலை’ என்பதே சந்தை வாடகையில் 80 சதவீதம்வரை போகலாம் என்ற விதி 2011இல் வந்தது. காத்திருப்புப் பட்டியலைக் காட்டி மைதானத்தை வாங்கி, அந்தப் பட்டியலில் உள்ள ஒருவரும் நுழைய முடியாத வீட்டைக் கட்டுவது இரண்டு தரப்பையும் ஏமாற்றுவதாகும்.

சட்டம் எங்கே நிற்கிறது? 2012இல் வந்த தேசியத் திட்டக் கொள்கைச் சட்டகம், விளையாட்டுத் திடலில் மூன்று சூழ்நிலைகளில் மட்டுமே கட்டலாம் என்கிறது. திடல் உபரி என்று தெளிவாக நிரூபிக்கப்பட்டால், அளவிலும் தரத்திலும் சமமான மாற்று கிடைத்தால், அல்லது இழப்பைவிடப் பெரிய பயன் தரும் வேறு விளையாட்டு வசதி வந்தால். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘சமமான மாற்று’ எப்போது வர வேண்டும், அதுவரை கழகம் எங்கே ஆடும், அதன் வருமானம் என்னவாகும் என்பவற்றுக்கு அங்கே உறுதியான பதில் இல்லை. ஸ்போர்ட் இங்கிலாந்து என்ற அமைப்பிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதி பல திடல்களைக் காத்திருக்கிறது. 2011இன் உள்ளாட்சிச் சட்டம் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று ஒரு மைதானத்தைப் பட்டியலிட வழி செய்தது. அப்படிப் பட்டியலான சொத்தை விற்க முனைந்தால், வாங்குவதற்குப் பணம் திரட்ட ஊராருக்கு 6 மாத அவகாசம் கிடைக்கும். ஆனால் உரிமையாளர் அவர்களுக்கே விற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தொண்டர்கள் 6 மாதத்தில் மில்லியன்களைத் திரட்டிவந்து நின்றாலும், வேறு ஆளுக்கு விற்கிறேன் என்று அவர் சொல்லிவிடலாம்.

எல்லா இடமாற்றமும் அழிவு என்று சொன்னால் அது உண்மைக்குப் புறம்பு. பிரென்ட்ஃபோர்டு கழகம் 1904 முதல் கிரிஃபின் பார்க்கில் ஆடியது. நான்கு மூலையிலும் மதுக்கடை இருந்த மைதானம் என்று புகழ் பெற்றது அது. 2020இல், அதே வட்டாரத்திலேயே 17,000 பேருக்கான புதிய அரங்குக்கு மாறியது. சுற்றிலும் கட்டிய நூற்றுக்கணக்கான வீடுகளின் வருமானம் அரங்குக்கு உதவியது. பழைய இடமும் வீடுகளானது. புதிய ப்ளவ் லேனும் சுமார் 600 வீடுகள் சூழ எழுந்ததுதான். இவை ஏன் வென்றன? மாறியது கழகத்தின் முடிவால். புதிய மைதானம் எழத் தொடங்கிய பிறகே பழையதை விட்டார்கள். போன இடம் பழைய ரசிகர்களின் எல்லைக்குள் இருந்தது. வீட்டிலிருந்து வந்த பணத்தில் மைதானத்துக்குப் பங்கு இருந்தது. மில்டன் கீன்ஸிலோ 1997இல் ஆடுகளத்தை இழந்து இரண்டு ஆண்டுகள் 100 கிலோமீட்டருக்கும் மேல் அலைந்த பிரைட்டனிலோ இவை ஒருசேர இருக்கவில்லை. பிரைட்டனுக்குச் சொந்த மைதானம் திரும்பக் கிடைக்க 14 ஆண்டுகள் ஆயின.

ஆகவே திட்ட அனுமதியில் ஒரே ஒரு நிபந்தனை சேர்ந்தாலே பாதிச் சிக்கல் தீரும். புதிய மைதானத்தில் முதல் ஆட்டம் நடந்த பிறகே பழைய மைதானத்தில் கடப்பாரை விழலாம் என்ற நிபந்தனை அது. மீதிப் பாதி பத்திரத்தில் இருக்கிறது. செல்சி தப்பிய பிறகு, அந்தப் பயத்தை மறக்காமல் 1993இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். மைதான நிலத்தின் முழு உரிமையையும் ரசிகர்கள் பங்குதாரர்களாக உள்ள ‘செல்சி பிட்ச் ஓனர்ஸ்’ என்ற அமைப்பிடம் கொடுத்தார்கள். செல்சி என்ற பெயரின் உரிமையும் அதனிடமே. மைதானத்தை விட்டுப் போகும் அணி அந்தப் பெயரோடு போக முடியாது. 2011இல் உரிமையாளர் தரப்பு நிலத்தைத் திரும்ப வாங்க முயன்றபோது, தேவையான 75 சதவீத வாக்கு கிடைக்காமல் தோற்றது. டல்விச்சில் எதிராளி கைப்பற்றிய அதே ஆயுதத்தை, அதாவது பெயரை, இங்கே ரசிகர்கள் முன்கூட்டியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பணக்காரக் கழகத்துக்கு முடிந்தது ஏழைக் கழகத்துக்கும் முடியும். ‘ஃபீல்ட்ஸ் இன் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளை 1925 முதல் திடல்களைக் காத்துவருகிறது. கவுன்சிலுக்குச் சொந்தமான திடலாக இருந்தால், விளையாட்டுக்கே என்றென்றைக்கும் என்று அதனோடு பத்திரம் எழுதிவிடலாம். கவுன்சில்கள் இதற்குத் தயங்குவது, நாளை அவர்களுக்கும் அந்த நிலத்தின் விலை தேவைப்படலாம் என்பதால்தான்.

டல்விச் ஹாம்லெட் அழியவில்லை. லண்டன் மேயர் சாதிக் கான் குரல் கொடுத்தார். பக்கத்துப் பெக்கமில் வளர்ந்த நட்சத்திர ஆட்டக்காரர் ரியோ ஃபெர்டினாண்டின் அறக்கட்டளை மைதானத்தை வாங்க முன்வந்தது. நாடாளுமன்றத்தில் தொகுதி உறுப்பினர் ஹெலன் ஹேய்ஸ் பேசினார். பெயருரிமை திரும்பியது. டூட்டிங் அண்ட் மிச்சம் கழகம் தன் மைதானத்தைப் பகிர்ந்துகொண்டது. அந்த இரவல் புல்தரையிலேயே 2018 மே மாதம் ஹெண்டனைப் பெனால்டியில் வென்று டல்விச் ஆறாவது அடுக்குக்கு ஏறியது. பேச்சுவார்த்தைக்குப் பின், அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சாம்பியன் ஹில்லுக்குத் திரும்பியது. 2020இல் புதிய மைதானமும் 219 வீடுகளும் கொண்ட திருத்திய திட்டத்துக்கு சதர்க் கவுன்சில் ஒப்புதல் தந்தது. அதன்பின் வந்த பருவங்களிலும் கழகம் பழைய இடத்திலேயே ஆடிவந்தது. மேயரும் நட்சத்திர ஆட்டக்காரரும் குரல் கொடுக்க முடிந்தது, லண்டனில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் அது இருந்ததால். ஒரு பத்திரிகையும் எட்டிப் பார்க்காத ஊர்க் கழகங்களுக்கு அந்த வசதி இல்லை.

2021இல் டிரேசி கிரவுச் தலைமையிலான ரசிகர் ஆய்வு கொடுத்த பரிந்துரைகளின் வழியே, 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திரமான ஒழுங்காற்று அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் கழகம் தன் சொந்த மைதானத்தை விற்கவோ இடம் மாறவோ கூடாது என்று அது சொல்கிறது. விம்பிள்டன் ரசிகர்கள் 23 ஆண்டுகள் முன்பே கேட்டது இதைத்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் காவல் மேல் ஐந்து அடுக்குகளோடு நின்றுவிடுகிறது. டல்விச் ஹாம்லெட் பூட்டப்பட்டபோது இருந்தது ஏழாவது அடுக்கில். கிங்ஸ்டோனியனும் கீழேதான். மதிப்பேறும் நகர நிலத்தில் கடனோடும் தொண்டர்களோடும் ஆடிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான கழகங்கள் ஆறாவது அடுக்கிலும் அதற்குக் கீழேயும் இருக்கின்றன. சட்டத்தைத் திருத்தி அந்த எல்லையைக் கீழே இறக்க நாடாளுமன்றத்தால் முடியும். அதுவரை ஒவ்வொரு கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் எழ வேண்டிய முதல் கேள்வி, புதிய கோல்கீப்பரைப் பற்றியதாக இருக்கக் கூடாது. மைதானக் குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, பத்திரம் யாரிடம் அடமானத்தில் இருக்கிறது, பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று உறுப்பினர்கள் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.